கத்தியில் சிக்கந்தர் செய்த பக்கம்

போன வாரம் திருச்சி விமான நிலையத்தில் என் மடக்குக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கிக்கொண்டார்கள் என்று நான் சொல்கிறேன். அவர்கள் கணக்கில், நானே என் கையால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டதாகத்தான் இருக்கும். அந்தப் பெட்டிக்குள் லைட்டர்கள், கத்தரிக்கோல்கள், யாரோ ஆசையாக எடுத்துவந்த ஓர் அரிவாள்மணையின் அலகு. முப்பது வருஷம் என் பையில் இருந்த கத்தி இந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டது. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தப்பு என்னுடையதுதான், முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நான் ரயில் ஆசாமி. பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போவதென்றால் கொய்யாப்பழம் நான்கு, கத்தி ஒன்று, ஜன்னலோரம். இந்தத் தடவை அவள் விமானத்தில் டிக்கெட் போட்டுவிட்டாள். ஸ்ரீரங்கத்து வீட்டில் பையைக் கட்டும்போது மனைவி கேட்டாள். “பையில கத்தி கித்தி எதுவும் வச்சிருக்கீங்களா?” “அது கத்தி இல்ல, பழம் நறுக்குறது” என்றேன். அந்தக் கத்தியைக் கத்தி என்று நினைக்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. ஸ்கேன் செய்யும் இயந்திரத்துக்கு அப்படியெல்லாம் தாட்சண்யம் கிடையாது.

நின்றிருந்த காவலர் நம்மூர்ப் பெண். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். “சார், இது அலவுட் இல்ல. வெளில யாராச்சும் இருந்தா குடுத்துட்டு வாங்க. இல்லைன்னா இந்தப் பொட்டில போட்டுருங்க.” வெளியில் யார் இருக்கிறார்கள்? கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரர் இந்நேரம் சுப்பிரமணியபுரம் தாண்டியிருப்பார். பணமாகக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. கடைசியாக ஒரு தடவை கத்தியைக் கையில் வாங்கிப் பிடித்தேன். உள்ளங்கை வியர்த்திருந்தது. பித்தளை வாசனை எழுந்து வந்தது.

பித்தளை வாசனை தெரியுமா உங்களுக்கு? வேர்த்த கையால் பித்தளையைத் தொட்டவர்களுக்குத் தெரியும். துருவும் புளியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அரியமங்கலம் பக்கம் நான் முதன்முதலாக வேலை பார்த்த இடத்தில் அந்த வாசனை சோற்றில்கூட இருக்கும். கம்பெனி என்று பெயர். நான்கு சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும்தான். மின்சாரப் பெட்டிகளுக்குள் பொருத்துகிற பித்தளைப் பட்டைகளை வெட்டி, துளை போட்டு, அரத்தால் ராவி அனுப்புவோம். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத் தயிர்சாதம் பிசைந்தால் முதல் கவளம் பித்தளையாகத்தான் உள்ளே போகும்.

பட்டையை இறுக்கிப் பிடிக்கிற இடுக்கிக்கு வைஸ் என்று பெயர். எனக்குப் பக்கத்து வைஸில் நின்றவன் சிக்கந்தர். என் வயசுதான், பாலக்கரைக்காரன். வேலையில் என்னைவிடக் கெட்டி. நான் ஒரு பட்டையை ராவி முடிப்பதற்குள் அவன் இரண்டை முடித்துவிட்டு, என்னுடையதையும் எடுத்து ஒரு பார்வை பார்ப்பான். “என்னடா இது, வாழைப்பழத் தோல் மாதிரி வளைஞ்சிருக்கு?” அப்படியே வைஸில் மாட்டி நான்கு இழுப்பு இழுத்துச் சரிசெய்து தருவான். இது தினமும் நடக்கும். எனக்கு வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. அந்த வயதில் சௌகரியம்தான் பெரிதாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்கரையில் அவன் வீட்டுக்குப் போவேன். அவன் அம்மா ஒரு பக்கம் வெடித்த பித்தளைத் தாம்பாளத்தில் பலகாரம் வைத்துக்கொடுப்பார். வெடித்திருந்தாலும் பளபளவென்று இருக்கும். அந்த வீட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் புள்ளிப் புள்ளியாக ‘மைமூன்’ என்று பெயர் வெட்டியிருக்கும். அப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் அப்படித்தானே. பாத்திரக் கடை வாசலில் ஒருவர் உட்கார்ந்து சின்ன உளியை வைத்து டக்டக்கென்று பெயர் போட்டுக் கொடுப்பார். யார் மைமூன் என்று நான் ஒரு நாள் விவரம் கெட்டத்தனமாகக் கேட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நாந்தான் தம்பி. இந்த வீட்ல யாரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுறா? பிள்ளைங்களுக்கு அம்மா, அவங்க அத்தாவுக்கு ‘இந்தா’. எம் பேரு இந்தத் தட்டுக்குத்தான் தெரியும்.”

கத்திக்கு வருகிறேன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நான் வாங்கியது. நல்ல எஃகு அலகு. பிடிதான் மட்டம். மான்கொம்பு மாதிரி தெரிய வேண்டும் என்று வரி வரியாக அச்சடித்த பிளாஸ்டிக். மூன்றாவது மாதமே கீழே விழுந்து, இரண்டு பக்கமும் விரிசல் விட்டது. தூக்கிப் போட இருந்தேன். சிக்கந்தர்தான் வாங்கிப் பார்த்துவிட்டு, “அலகு தங்கம்டா. ரெண்டு பக்கமும் பித்தளைத் தகடு போட்டுருவோம். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். யாரு பக்கம் நல்லா வருதுன்னு பாப்போம்” என்றான். பந்தயம் என்றால் எனக்கு அப்போது சோறு தண்ணி வேண்டாம்.

பித்தளைக்கு நான் எங்கே போவேன்? வெட்டிப் போட்ட துண்டுகள் என் காலடியிலேயே கிடந்தன. விரல் நீளத் துண்டு ஒன்றைச் சாக்ஸுக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தேன். பட்டறையில் எல்லோரும் செய்கிற காரியம்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன், இப்போது உங்களிடமும் சொல்லிப் பார்க்கிறேன். இரண்டு நாள் கழித்துச் சிக்கந்தர் தன் தகட்டை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தான். “எங்கடா புடிச்ச?” என்று கேட்டேன். “கிடைச்சுது” என்றான். நானும் கண்ணடித்தேன். அவனும் சாக்ஸ் போட்டிருந்தான் அல்லவா?

நான் பழைய பிளாஸ்டிக்கைக் காகிதத்தில் வைத்து வரைந்து, பித்தளையை அந்த அளவுக்கு ரம்பத்தால் அறுத்து, ராவு ராவென்று ராவினேன். மூன்று இடத்தில், ஒரு தடவை அடித்தால் கழற்றவே முடியாத ரிவெட் ஆணி அடித்தேன். ஒரு ரிவெட்டின் தலை, சுத்தியல் வழுக்கி நசுங்கிப்போனது. ஒரு முனையும் கோணல். அவனோ விளிம்பை விரலால் தடவித் தடவி, கண்ணை மூடிக்கொண்டு ராவுவான். வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கோடுகள் போட்டான். ரிவெட் அடிக்கவே மாட்டேன் என்றுவிட்டான். இரண்டு பித்தளை ஸ்க்ரூ, தலையில் எட்டணாக் காசு நுழைகிற அகலத்தில் வெட்டு. “ரிவெட் அடிச்சாத்தான்டா நிக்கும்” என்று நான் சண்டை பிடித்தேன். “உள்ள தண்ணி போனா களிம்பு ஏறும். கழட்டித் தொடைக்க வேண்டாமா? காசு இருந்தா போதும், எங்க வேணா கழட்டலாம்” என்றான். ஆயுசுக்கும் நான் அதை ஒரு தடவைகூடக் கழற்றித் துடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு தகடுகளும் மாட்டி முடித்ததும், தன் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இழைக்க வேண்டும் என்று அவன் கத்தியை வாங்கிவைத்துக்கொண்டான். அதுதான் வினையாகிவிட்டது.

சாயங்காலம் வெளியேறும்போது கேட்டில் மேனேஜர் நிற்பார். டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். சோறு தின்ற பாத்திரத்துக்குள் விரலை விட்டுப் பார்க்கிற மனுஷன். எங்களை ஒரு நாளும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குச் சிக்கந்தரின் பையில் கத்தி அகப்பட்டது. மேனேஜர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இரண்டு ஆள் பின்னால் வரிசையில் நின்றிருந்தேன்.

“ஏதுய்யா பித்தளை?”

சிக்கந்தர் டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் வைத்தான்.

“கேக்குறேன்ல? நம்ம சரக்குதானே இது? எங்கேர்ந்து வந்துச்சு?”

சிக்கந்தர் திரும்பி என்னைப் பார்த்தான். ஒரு விநாடி இருக்கும். பிறகு மேனேஜரிடம், “கிடைச்சுது சார்” என்றான்.

“நாளைலேர்ந்து வர வேண்டாம். இதையும் எடுத்துட்டுப் போ. திருடின லட்சணத்த ஊர்பூரா காட்டு.” கத்தியைத் தரையில் விட்டெறிந்தார். சிக்கந்தர் குனிந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அறுபது பேர் நின்று பார்த்தோம். உள்ளங்கை அகலப் பித்தளைக்கு ஒரு மனுஷனை இப்படி அறுபது பேர் முன்னால் அவமானப்படுத்துவதா? இன்றைக்கும் அந்த ஆள் எதிரே வந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்பேன். அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டில் என் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டு வெளியே போய் பஸ் ஏறினேன்.

ஒரு வாரம் கழித்துப் பாலக்கரை ஸ்டாப்பிங்கில் என்னைப் பார்த்துக் கத்தியைக் கொடுத்தான். “உன்னோடதுதானே, வச்சுக்க.” நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். “விடுடா. சவூதிக்கு விசா வருது. எப்படியும் வேலைலேர்ந்து நிக்கத்தான் போறேன்” என்றான். அப்படியே போய்விட்டான். இரண்டு கடிதம் வந்தது, நானும் ஒன்று போட்டேன். அப்புறம் எனக்கு வேறு வேலை, கல்யாணம், வீடு. மனசு உறுத்தும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லிச் சமாதானப்படுத்திக்கொள்வேன். நானும் எடுத்தேன், அவனும் எடுத்தான், அவன் நேரம் மாட்டிக்கொண்டான். முப்பது வருஷம் இந்த மருந்து நன்றாகவே வேலை செய்தது.

இப்போது விமான நிலையத்துக்கு வாருங்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. “கத்தி போகட்டும்மா. இந்தத் தகடு கத்தியா? இத வச்சு நான் யாரைக் குத்த முடியும்? தகட்டையாவது கழட்டிக்குறேன்” என்றேன். அந்தப் பெண் பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம் சார். கத்தி என் கைலதான் இருக்கும்” என்றார்.

கழற்றக் காசு வேண்டுமே. டீக்குக்கூடப் போனைக் காட்டுகிற காலத்தில் காசுக்கு எங்கே போவது? என் பையில் ஒன்றுகூட இல்லை. எட்டணாவைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகிறது. வரிசையில் பின்னால் நின்ற ஓர் அம்மாள் மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயை நீட்டினார். “சமயபுரத்தாளுக்கு முடிஞ்சு வச்சது. கழட்டிட்டுக் குடுத்துருங்க சாமி.” காவலர் கத்தியை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் காசை வெட்டில் வைத்துத் திருகினேன். சிக்கந்தர் போட்ட ஸ்க்ரூ முப்பது வருஷத்துக்குப் பிறகும் அடம் பிடிக்காமல் சுழன்றது. என் பக்கத்து ரிவெட்டுகள் அசைவேனா என்றன. அடித்தால்தான் நிற்கும் என்று சொன்னது நான்தானே.

அவன் தகடு மட்டும் என் கையில் விழுந்தது. உள்பக்கம் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. கட்டைவிரலால் துடைத்தேன். புள்ளிப் புள்ளியாக எழுத்து. ‘மை’ பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ‘மூன்’ முழுசாக இருந்தது.

காசைத் திருப்பிக் கொடுத்தேனா என்றுகூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கொடுத்திருப்பேன். ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வெடித்த தாம்பாளத்தை அறுத்துச் செய்திருக்கிறான். அன்றைக்குக் கேட்டில் ஓர் எட்டணா போதும், தன் பக்கத்தைக் கழற்றி அம்மா பெயரைக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் மேனேஜர் கத்தியைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் பற்றிக் கேட்டிருப்பார். கழற்ற முடியாத பக்கம். என் பக்கம். அதற்காகத்தான் என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறான். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். இரண்டு தகடும் வேறு வேறு நிறத்தில் கறுத்ததையும்தான் இத்தனை வருஷம் பார்த்தேன். ஒரே பித்தளை எப்படி இரண்டு நிறமாகும் என்று இந்த மண்டை ஒரு நாளாவது யோசித்ததா?

பெங்களூரிலிருந்து திரும்பிய மறுநாளே பாலக்கரைக்குப் போனேன். அந்த வீடு இருந்த இடத்தில் செல்போன் கடையும் அதற்கு மேலே கோச்சிங் சென்டரும் இருக்கின்றன. விசாரித்ததில், “அவங்கல்லாம் வித்துட்டுப் போயி எவ்ளோ காலமாச்சுங்க” என்றார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அரியமங்கலத்தில் கம்பெனி இருந்த மனையில் முள்செடி. கேட்டும் இல்லை, மேனேஜரும் இல்லை. சட்டையைப் பிடித்துக் கேட்கவும் ஆள் இல்லை.

தகட்டைப் புளி போட்டுத் துலக்கி மேஜையில் வைத்திருக்கிறேன். எழுத்து நன்றாகவே படிக்க முடிகிறது. என் கோணல் தகடு அந்தக் கத்தியோடு பழைய இரும்புக்குப் போயிருக்கும், போகட்டும். சிக்கந்தரைத் திருடன் என்று நினைத்தவர்கள் இரண்டு பேர். மேனேஜர் ஒரே ஒரு சாயங்காலம் நினைத்திருப்பார், மறுநாள் மறந்திருப்பார். நான் முப்பது வருஷம் நினைத்தேன்.