அவன் உயிரோடுதான் இறங்கினான்

அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை எங்களிடம் அடையாளப் பத்திரமாக இருந்தது மடித்து மடித்துக் கிழியத் தொடங்கியிருந்த ஒரு தாள் மட்டும்தான். ஜெர்மனியில் நாங்கள் இருந்த கெல்சென்கிர்ச்சன் நகர எல்லையைத் தாண்டுவதென்றால் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாமல் நான் ஒருமுறை கெவெலார் மாதா கோயிலுக்குப் போய் ரயிலில் பிடிபட்டிருந்தேன். இன்னொரு தரம் பிடித்தால் வழக்கு என்று கடிதம் வந்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பங்கு மண்டபத்தைத் துப்புரவாக்கும் வேலை செய்தேன். ஒருநாள் பாதர் ஒரு வயதான ஆங்கிலேயரை அழைத்து வந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் வேவுப் பிரிவொன்றில் மெக்கானிக்காக இருந்தவர். அந்தப் பிரிவின் விமானங்களில் துப்பாக்கி கிடையாது. கமராக்கள் மட்டும்தான். தனியாகப் பறந்து போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பல திரும்பவில்லை. அவை ஒவ்வொன்றும் எங்கே விழுந்தது என்று அவர் ஓய்வுபெற்றதிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். ஒரு விமானத்துக்கு நேரே "ரூர் பக்கம் போனது" என்று மட்டும்தான் அவருடைய கொப்பியில் இருந்தது. ரூர் என்பது எங்கள் நகரம் இருக்கும் பகுதி. வடக்கே ஒரு கிராமத்தில் அதைக் கண்ட கிழவி ஒருத்தி இருக்கிறாளாம். அவருக்கு ஜெர்மன் தெரியாது. நானோ யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள், இங்கே வந்து ஜெர்மனும் பழகியிருந்தேன்.

"நான் வர ஏலாது" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் வற்புறுத்தவில்லை. "அன்று காலை அந்த விமானியை இருக்கையில் வைத்துப் பட்டி கட்டிவிட்டது நான்தான்" என்று மட்டும் சொன்னார்.

அனுமதி கேட்க அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்கும் நேரம், மூன்று கிழமைக்குப் பிறகுதான் கிடைத்தது. ஆங்கிலேயரோ அந்த வெள்ளிக்கிழமை நாடு திரும்புகிறார். ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிவிட்டு வந்த என் கணவருக்கு, அனுமதி இல்லாமலே போகப் போகிறேன் என்று சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? பிடிபட்டால் எங்கட அன்ட்ராக், அந்த அகதி விண்ணப்பம், என்னாகிறது?"

"காரிலை போய்க் காரிலை வாறன். ரயிலிலைதானே செக் பண்ணுறவங்கள்."

அவர் போய்ப் படுத்துவிட்டார்.

நகரத்தின் பெயரைச் சிவப்புக் கோட்டால் வெட்டிய மஞ்சள் பலகையை ஆங்கிலேயரின் கார் தாண்டியது. பொலிஸ் வண்டியைப் போலப் பச்சையும் வெள்ளையுமாக எந்த வாகனம் எதிரே வந்தாலும் குனிந்து கைப்பையில் எதையோ தேடினேன். என் பயத்தைக் குறைக்க நினைத்தாரோ என்னவோ, அவர் தங்கள் பிரிவு எடுத்த ஒரு படத்தைக் கையில் தந்தார். மேலிருந்து எடுத்த படம். கூரைகள், ஒரு கோயில், ஒரு தெரு, தெருவில் புள்ளி புள்ளியாகச் சில ஆட்கள்.

ஊரில் குண்டு போடும் பொம்பர் வருவதற்கு முதல் சின்னப் பிளேன் ஒன்று வந்து சுற்றும். நாங்கள் பங்கருக்குள் ஓடுவோம். மேலே இருந்தவனுக்கு நாங்கள் இப்படித்தான் தெரிந்திருப்போம். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பண்ணை வீட்டில் கிழவியும் அவளுடைய மகனும் இருந்தார்கள். மகனுக்கு ஐம்பது வயதிருக்கும். அவன் கதிரையில் இருக்கவில்லை, கதவோரம் நின்றான்.

"விமானம் எரிந்து விழுந்தது. ஆள் செத்துக் கிடந்தான். அவ்வளவுதான். இதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்களா?" என்றான்.

நான் மொழிபெயர்த்தேன். கிழவி கோப்பித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் வெளியே போய்க் கதவு சாத்திய பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"அவன் உயிரோடுதான் இறங்கினான்" என்றாள்.

பரசூட்டில் பீற்றூட் வயலுக்குள் விழுந்தானாம். கால் முறிந்திருந்தது. கல்யாணம் முடித்து அந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த அவள்தான் முதலில் அவனிடம் ஓடினாள். பால் வாளி மூடியில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு ஏதோ சொன்னான், அவளுக்கு விளங்கவில்லை. அப்போது ரோட்டுப் பக்கமிருந்து நான்கு பேர் மண்வெட்டிகளோடு வந்தார்கள். முதல்நாள்தான் பக்கத்து நகரத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டிருந்தன. அந்த நான்கு பேரில் ஒருவனுடைய இரண்டு பிள்ளைகளும் அதில் செத்துப் போயிருந்தார்கள்.

"இன்னொருவர் என் மாமனார். நான் வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டினேன். எல்லாம் கேட்டது."

'விழுந்ததும் செத்துவிட்டான்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பொய்யென்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஆங்கிலேயர் கிழவியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள்."

கிழவியைப் பார்த்தேன். "சொல்லு, பிள்ளை" என்றாள்.

சொன்னேன். மண்வெட்டி என்ற சொல் ஆங்கிலத்தில் உடனே வரவில்லை. கையால் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

அவர், "எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். "அதிக நேரமில்லை" என்றாள் கிழவி. அது உண்மையோ, இரக்கமோ, எனக்குத் தெரியாது. என் மனம் வேறொரு இடத்துக்குப் போயிருந்தது. எங்கள் வளவுக்குள் அந்தப் பிளேனில் வந்த ஒருத்தன் அப்படிக் கால் முறிந்து விழுந்திருந்தால் நான் தண்ணீர் கொடுத்திருப்பேனா? அந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் பயம்.

அப்போது முற்றத்தில் கார் வந்து நிற்கும் சத்தம். யன்னலால் பார்த்தேன். பொலிஸ். யாரோ அந்நியர் வந்து தாயை மிரட்டுகிறார்கள் என்று மகன் ஃபோன் பண்ணியிருந்தான்.

பொலிஸ்காரன் அவருடைய கடவுச்சீட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். பிறகு என் பக்கம் கையை நீட்டினான். தாளை விரிக்கக்கூட எனக்கு முடியவில்லை. அவனே விரித்து வாசித்தான்.

"நீங்கள் இங்கே இருக்கக் கூடாது. தெரியுமா?"

"தெரியும்."

கிழவி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான்தான் வரச் சொன்னேன். என்னோடு கதைக்க வந்தவள்" என்றாள். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொலிஸ்காரன் என் தாளின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, உடனே திரும்பிப் போகச் சொன்னான்.

பாதி வழியில் அவர் காரை ஓரமாக நிறுத்தினார். "அவனுடைய தங்கை இன்னும் இருக்கிறாள். ஒரு நொடியில் போய்விட்டான் என்று ஐம்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். சொல்லவா வேண்டாமா?"

என் தம்பியைத் தொண்ணூறில் ஆமி பிடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அதை அவருக்குச் சொன்னேன்.

"எனக்கென்றால் தெரிய வேண்டும். ஆனால் சொல்ல வருகிற ஆளைக் கண்டால் ஓடி ஒளிந்துகொள்வேன்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் காரை எடுத்தார்.

அதற்குப் பிறகு தபால் பெட்டியைத் திறப்பதே எனக்குக் கண்டம். ஐந்தாவது கிழமை அலுவலகத்திலிருந்து மஞ்சள் உறை வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். பாதர் ஒரு கடிதம் எழுதினார், ஆங்கிலேயரும் இங்கிலாந்திலிருந்து எழுதினார். கடும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கடிதத்தை வாசித்து முடித்தபோது என் கணவர், "இனி உள்ளூருக்குள்ளை புண்ணியம் செய்யும்" என்றார். எங்கள் விண்ணப்பத்துக்கு முடிவு வர இன்னும் இரண்டு வருஷம் எடுத்தது.

அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு ஆங்கிலேயரிடமிருந்து ஒரு அட்டை வந்தது. தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அவள் அழவில்லையாம். முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டாளாம். சொன்னாராம். பிறகு அந்த நான்கு பேருக்கும் என்ன நடந்தது என்று கேட்டாளாம். அதை அந்த வீட்டில் நாங்கள் கேட்கவே இல்லை.