அஞ்சலை அக்கா கரைத்த சாணம்

இந்த ஊரில் குளிர்காலத்தில் சமையலறை ஜன்னலைத் திறப்பது ஏறக்குறையக் குற்றம். பாரீசுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி, கீழ்த்தளத்து மதாம், நேற்றும் மாடியேறி வந்தாள். குழம்பு கொதிக்கும்போதெல்லாம் நான் ஜன்னலைத் திறந்துவிடுகிறேனாம், அறையைச் சூடாக்கும் எண்ணெய் வீணாகிறதாம். "புகை போகட்டும், மதாம்," என்றேன் தெரிந்த பிரெஞ்சில். மின்சார அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எந்தப் புகை?" மசாலா வாடையைச் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, மூக்கைப் பிடித்துச் சிரித்தபடி இறங்கிப் போனாள்.

வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டில், என் மாமியார் வீட்டில், எண்பத்திரண்டில் சாண எரிவாயு வந்தது. கொல்லையில் தொட்டி கட்டி, சமையலறைக்குக் குழாய் இழுத்து, சின்ன அடுப்பு ஒன்றை வைத்தார்கள். மூத்த மருமகள் அஞ்சலை அக்கா. நாலு மாட்டுச் சாணத்தையும் விடிந்ததும் அள்ளி, தண்ணீர் விட்டுக் கையால் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவது அவள் வேலை. அந்த அடுப்பைப் பற்றவைப்பது என் வேலை. கணவர் பிரான்சில் இருந்தார். நான் விசாவுக்குக் காத்திருந்தேன்.

"சின்னவ பிரான்சு போறவ, காஸ் அடுப்பு பழகணும். உனுக்கு இன்னாத்துக்குடி? கரும்புச் சோகை கெடக்குதுல்ல, அத்த எரி," என்பார் அத்தை அக்காவிடம். காப்பியும் குழம்பும் என்னிடம். வீட்டுக்கே சோறு, மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் கொல்லைக் கொட்டகையில், அக்காவின் மண்ணடுப்பில்.

ஓர் ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. சோகை ஊறிப்போயிருந்தது. அக்கா என்னிடம் வந்தாள்.

"இன்னிக்கி மட்டும் அதுல ஒல வெச்சிக்கிறேன்டி. பொகயில கண்ணு தெரில எனுக்கு."

என் அடுப்பு சும்மாதான் இருந்தது. "அத்தயக் கேட்டுக்கோக்கா," என்றேன். என்ன பதில் வரும் என்று இருவருக்கும் தெரியும். அவள் கேட்கப் போகவில்லை. ஈரச் சோகையில் மண்ணெண்ணெய் ஊற்றினாள். அணைந்துவிட்டது என்று மறுபடி ஊற்றியபோது உள்ளே கனல் இருந்திருக்கிறது. நாங்கள் சாக்கைப் போட்டு அணைப்பதற்குள் நைலக்ஸ் புடவை உடம்போடு ஒட்டிவிட்டது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். காரியம்கூட முடியவில்லை, அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்: "இனிமே சாணி யாருடி கரைக்கிறது?"

நான் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். சில நாட்களில் அடுப்பு நின்றுபோனது. அடுத்த மாதம் விசா வந்தது. அழுதுகொண்டே சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் அத்தை யாரையோ விட்டு எழுதிய கடிதம் வந்தது. பெரியவருக்கு, அஞ்சலை அக்காவின் கணவருக்கு, மறுகல்யாணம் ஆகிவிட்டதாம். புதுப்பெண் சுறுசுறுப்பாம், காஸ் நன்றாக வருகிறதாம்.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'நம்ம வீட்டில் எல்லாரும் நலமா' என்று எழுதி, 'நம்ம'வை அடித்தேன். 'உங்க' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். கடைசியில் வெறும் 'வீட்டில்' என்று விட்டு, கடிதத்தை ஒட்டினேன்.