சாக் என்றே எழுதியிருக்க வேண்டும்

கிருமாம்பாக்கம்
16 நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40 மணி

மறைந்த மதாம் அமிர்தவல்லியை அறிந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

1. செய்தியும் நினைவுகளும்

சென்ற அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 9.20க்குச் செய்தி எனக்கு வந்தது. அதற்கு முதல் நாள்தான் பிள்ளையார்குப்பத்து மருத்துவமனையில் என் வலக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். வில்லியனூரில் மகள் வீட்டில் கண்கட்டோடு உட்கார்ந்திருந்தேன். மகள் கைப்பேசியைப் பார்த்து, "அப்பா, மதாம் போயிட்டாங்களாம்" என்றாள்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"இன்னாப்பா நீ, மணி கேக்குற!"

விடியற்காலை 5.10 என்று பிறகு தெரிந்தது. அதை எழுதி வைக்கச் சொன்னேன். அழுகை வரவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் வேளை வந்தது, விட்டுக்கொண்டேன். ஒரு மாதமாகியும் உள்ளே அதே நிலைதான். உங்களில் பலரும் என்னைக் கல் என்று நினைத்திருக்கலாம். மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மதாமும் நானும் எதிரெதிர் மேசைகளில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தோம். பிறகு பிரெஞ்சுப் படையில் இருந்த கணவரோடு அவர் பிரான்சுக்குப் போனார். கணவர் மறைந்த பின் 2012 ஜூன் 4ஆம் தேதி எங்கள் தெருவுக்கே குடிவந்தார். ஒரு கட்டிலும் இரண்டு அலமாரியும் வந்தன. அலமாரி இரண்டிலும் கைப்பைகள். பெரிய கடைகளின் பெயர் பொறித்த, அசல் தோல் பைகள். கடைசிக் கணக்கில் பத்தொன்பது.

அவற்றை ஒருமுறை ‘கைப்பைகள்’ என்று சொல்லிவிட்டேன். "கைப்பைன்னா டிபன் பாக்ஸ் வெக்கிறது, முசே. இது சாக்" என்றார். பிரெஞ்சில் பைக்கு அந்தப் பெயராம். பிரெஞ்சு தெரியாத என்னை ‘முசே’ என்று அழைத்தவரும் அவர் ஒருவரே.

முதல் பையை வாங்கிய கதையை அவர் சொல்ல நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பாரிசில் ஒரு கடை. சேலையும் ரப்பர் செருப்புமாகப் போய் நின்றவரைப் பார்த்து, விற்பனைப் பெண் அலமாரியைத் திறக்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமையும் போய், அதே பையின் முன் நின்றுவிட்டுத் திரும்பினார். மூன்றாம் சனிக்கிழமை அந்தப் பெண்ணே நாற்காலி கொண்டுவந்து போட்டாளாம். அதன் பிறகு எந்தப் பையையும் மூன்றாவது முறை பார்க்காமல் அவர் வாங்கியதில்லை. "ரெண்டு தடவ பாத்தா ஆச. மூணாவது தடவையும் கண்ண எடுக்க முடியலன்னாதான் அது என்னுது" என்பார்.

வாங்கியதை அலமாரியிலேயே பூட்டி வைத்தவரும் அல்லர். ரேஷன் கடைக்கும் அந்தப் பைதான். 2021 நவம்பர் 8, திங்கட்கிழமை, கடலூர் சாலையில் நாங்கள் இருவரும் பேருந்துக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. குடையை நான் விரிப்பதற்குள் பையை முந்தானைக்குள் வைத்து, தலையை மழைக்குக் கொடுத்துவிட்டார். கண்டித்தேன். "தல காஞ்சிடும், முசே. தோலு காஞ்சா வெறச்சிப் போவும்" என்றார். அன்று தொடங்கிய இருமல் டிசம்பர் 2 வரை இருந்தது.

செல்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்துக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர். மதாமுக்குத் தோள் வலி வந்து கையைத் தூக்க முடியாமல் போனபோது, பைகளுக்குக் காற்றாட்டும் வேலையைச் செல்வி ஏற்றார். மாதத்தின் முதல் ஞாயிறு மீன் கூடையை வாசலில் இறக்கி, முழங்கை வரை எலுமிச்சை தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போவார். பைகளை நிழலில் பரப்பி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, வயிற்றில் காகிதம் அடைத்து வைப்பார். முடிந்ததும் ஆளுக்கொன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்கள். "எங்கடி போற?" என்பார் மதாம். "பாரீசுக்கு மத்தி விக்கப் போறேன், வர்றியா மதாமு?" என்பார் செல்வி. ஜன்னல் வழியாக நான் கேட்டதுதான்.

2023 காணும் பொங்கலன்று உறவினர் ஒருவர் அன்போடு ஒரு பையைப் பரிசளித்தார். பெட்டி, பட்டை, முத்திரை எல்லாம் இருந்தன. செல்வி பையின் வாயைப் பிளந்து, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் உள்துணியைத் தூக்கித் தையலைப் பார்த்தார். முகர்ந்தார். உறவினர் போன பிறகு, "மதாமு, இது ஐசு மீனு" என்றார். பிடித்துப் பல நாள் பனிக்கட்டியில் கிடந்த மீனைப் புது மீன் என்று விற்பது அவர் தொழிலில் தெரிந்த ஏமாற்று. போலி என்று மதாமும் கண்டுபிடித்திருந்தார். "கண்ணாடி போட்டு நான் பாத்தத மூக்காலயே பாத்துட்டா" என்று அன்று மாலை என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

2. என் பிழை

இவ்வாண்டு ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, மாலை 5 மணிக்கு மதாம் என்னை அழைத்தார். "எழுது, முசே. என் சாக் எல்லாம் செல்விக்கு. ஒண்ணு உடாம" என்றார். எழுதி நீட்டினேன். படித்துப் பார்த்தவர், "இன்னா இது, சாக்குன்னு எழுதியிருக்க?" என்றார்.

தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது; பிறமொழிச் சொல்லானாலும் உகரம் சேர்த்து எழுதுவதே முறை என்று விளக்கினேன்.

"நீ முறைய பாரு. எங்க சொந்தக்காரனுங்க பின்னால கெடக்குற நெல்லு சாக்க தூக்கிக் குடுத்துடப் போறானுங்க" என்று சிரித்தார்.

"சொல்றதுக்குத்தான் நான் இருக்கேனே, மதாம்" என்றேன்.

அவர் கையெழுத்திட்டார்.

சொல்ல வேண்டிய நாள்களில் நான் இல்லை. புகையும் தூசியும் கூடாதென்று மருத்துவர் சொன்னதால் பதினாறாம் நாள் காரியத்துக்கும் நான் வரவில்லை. கண்ணைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது. மதாமின் அண்ணன் மகன் ஞானசேகர் சீட்டைப் படித்து, அதில் உள்ளபடியே, பின்கட்டுக் கொட்டகையில் இருந்த காலி நெல் சாக்குகள் நாற்பத்திரண்டையும் ஒன்று விடாமல் செல்விக்குக் கொடுத்தார். பைகளை உறவினர்கள் பகிர்ந்துகொண்டார்கள். நினைவாக இருக்கட்டும் என்று எனக்கும் ஒரு கறுப்புப் பையை என் மகள் வீட்டுக்கே ஞானசேகர் அனுப்பிவைத்தார். அவர் மீது எள்ளளவும் குறை இல்லை. சீட்டில் எழுதியிருந்ததை அவர் செய்தார். எழுதியவன் நான்.

நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, ஊர் திரும்பியதும் செல்வியைத் தெருமுனையில் பார்த்தேன். மற்றப் பைகளெல்லாம் வந்து சேர்ந்தனவா என்று கேட்டேன்.

"எந்தப் பையிய்யா? மதாமு சாக்கு குடுத்துச்சி. நல்ல சாக்குதான். கருவாடு காயப் போட்டிருக்கேன்." கூடையைத் தலையில் சரிப்படுத்திக்கொண்டு, "மனசுக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சி. நான் தொட்டுத் தொட்டு அதுல நாத்தம் ஏறிடுச்சோ, அதனாலதான் எனக்கு இதுன்னு எழுதி வெச்சிச்சோன்னு நெனச்சிக்கிட்டேன்" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்தார்.

"ஒரு எழுத்துக்காய்யா?"

"ஆமாம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இந்த மாசம் முத ஞாயிறு இன்னிக்கிதான். நெழல்ல வெச்சிருக்காங்களா, இன்னான்னு தெரியலியே. காயிதம் அடைக்கலன்னா வயிறு ஒட்டிப் போவும்யா" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீடுகளில் உள்ள பதினெட்டுப் பைகளும் செல்வியுடையவை. உங்களில் பிரான்சுக்குத் திரும்பவிருக்கும் இரு குடும்பத்தார் புறப்படுமுன் எல்லாரும் அவற்றை ஞானசேகரிடம் ஒப்படைத்தால், மதாம் சொன்னது நடந்துவிடும். செல்வியைப் பற்றி மதாம் நினைத்தது என்னவென்று அவருக்கு என் வாயால் சொல்லியாயிற்று. பைகள் போய்ச் சேர்ந்தால்தான் அவர் அதை நம்புவார்.

மதாமிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது செல்வியிடம் கேட்டு வாங்கிய ஒரு நெல் சாக்கு. மடித்து என் மேசைமேல் வைத்திருக்கிறேன். கருவாட்டு வாசம் போகவில்லை. இக்கடிதத்தை மூன்று முறை பார்த்த பிறகே உறையை ஒட்டுகிறேன்.

இணைப்புகள்:

1. 9.8.2025 நாளிட்ட சீட்டின் நகல். ‘கு’ என்னும் எழுத்தைச் சிவப்பு மையால் அடித்து, அருகில் ஒப்பமிட்டிருக்கிறேன்.

2. பத்தொன்பது பைகளின் நிறம், அளவு, இப்போது இருக்கும் இடம்: பட்டியல், இரண்டு பக்கம்.

3. பைகள் வந்து சேரும் வரை அவற்றைப் பேணும் முறை: செல்வி சொல்ல நான் எழுதியது, ஒரு பக்கம்.

4. என்னிடமிருந்த கறுப்புப் பையை 9.11.2025 அன்று பெற்றுக்கொண்டதற்குச் செல்வி தந்த சீட்டின் நகல். ‘ஒரு சாக் வந்துச்சி’ என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். நான் திருத்தவில்லை.