மேசை மேல் ஒரு வாரம்

மே மாதச் சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குச் சித்தூரில் ரயில் ஏறினேன். பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் பாசஞ்சரில் இருபது ரூபாய். எதிரே கோகிலா, மடியில் ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியோடு. அவள் வேலையைப் பார்த்து எழுதுவதற்காக நானும் கூடப் போனேன். நகரியில் விசைத்தறி ஓட்டும் குடும்பம் அவளுடையது. சித்தூர்க் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். பாக்டீரியாவுக்குள் புது மரபணுவைச் செலுத்தி வேலை வாங்கும் மாணவர் போட்டிக்கு அங்கே ஓர் அணி இருக்கிறது. திருப்பதியில் இன்னோர் அணி. போட்டியாளர்கள்தான். ஆனாலும் கருவி, செய்முறை, பாக்டீரியா எல்லாவற்றையும் கொடுத்து வாங்குவது இவர்கள் வழக்கம்.

கோகிலா எழுதி அனுப்பிய செய்முறை திருப்பதியில் மூன்று முறை தோற்றுவிட்டது. திங்கட்கிழமைக்குள் பலன் தெரியாவிட்டால் ஆய்வறையைக் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுத்துவிடப் போவதாக அங்கே துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அறை போனால் அணியும் போகும். அதனால் கோகிலா தானே நேரில் செய்து காட்டக் கிளம்பிவிட்டாள்.

பாகாலாவில் வண்டி நின்றபோது பெட்டியிலிருந்து நீர் சொட்டியது. பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்தார்.

"திருப்பதிக்கு மீன் எடுத்துக்கினு போறியாம்மா?"

"மீன் இல்லண்ணா, கிருமி."

அவர் அடுத்த வரிசைக்கு மாறிக்கொண்டார்.

பத்து மணிக்கு ஆய்வறை. மூன்றாவது மாடி, மேலே தகரக் கூரை, ஒரே ஒரு மின்விசிறி. சுவரில் இருந்த வெப்பமானி முப்பத்தொன்பதைக் காட்டியது. அணித் தலைவி பார்கவி புத்தூர்ப் பெண். தோற்றுப்போன பிளேட்டுகளை எடுத்து வைத்தாள். கூழ் பரப்பிய வட்டத் தட்டுகள். கூழில் கலந்த மருந்து, மரபணு ஏறாத பாக்டீரியாவைக் கொன்றுவிட வேண்டும். ஏறியது மட்டும் இளஞ்சிவப்பாக முளைக்க வேண்டும். இங்கே எல்லாத் தட்டிலும் மோர் கொட்டியதுபோல் வெள்ளை.

கோகிலா ஒவ்வொரு படியாகக் கேட்டாள். எதிலும் பிசகில்லை. கடைசியாக, ஊற்றிய புதுத் தட்டுகளை எங்கே வைத்தார்கள் என்று கேட்டாள். பார்கவி சன்னலோர மேசையைக் காட்டினாள்.

"இந்த வெயில்லயா? மருந்து செத்துப் போயிருக்கும்மே."

"மேசை மேல ஒரு வாரம் வைக்கலாம்னு நீதான எழுதின? மேசை மேலதான் வெச்சோம்."

சித்தூர் ஆய்வறையில் ஏசி உண்டு. பிரிட்ஜில் இடமில்லாமல் மேசையில் வைத்துப் பழகியதைக் கோகிலா அப்படியே விதியாக எழுதிவிட்டிருந்தாள். அதை வரிக்கு வரி மதித்ததுதான் இவர்கள் செய்த பிழை.

புதிதாக ஊற்றினார்கள். கூழ் உறைந்ததும் பிரிட்ஜில் வைத்தார்கள். மாலைக்குள் பாக்டீரியாவைப் பரப்பியாயிற்று. நான் ஸ்டேஷன் அருகே லாட்ஜில் தங்கினேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு தட்டில் கடுகளவு இளஞ்சிவப்புப் புள்ளிகள். மரபணு கொடுக்காத பாக்டீரியாவைப் பரப்பிய தட்டு வெறுமையாக இருந்தது; மருந்து வேலை செய்திருந்தது. இருவரும் நெடுநேரம் பார்த்தது அந்த வெறும் தட்டைத்தான். பார்கவி அதைத்தான் முதலில் படமெடுத்துத் துறைத்தலைவருக்கு அனுப்பினாள். ஒன்றுமே இல்லையே என்று பதில் வந்தது. சிரித்துக்கொண்டே மற்றதையும் அனுப்பினாள். போட்டி முடியும்வரை அறை அவர்களுக்கே என்றார்.

மதியம் சென்னை பஸ் பிடித்தேன். வடமாலபேட்டை தாண்டும்போது வீட்டு அலமாரியில் இருக்கும் மருந்துப் பாட்டில் நினைவுக்கு வந்தது. குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று அதன் மேல் அச்சடித்திருக்கும். மே மாதத்தில் எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் கிடையாது.

நான் ஆய்வறையை விட்டுக் கிளம்பியபோது கோகிலா மாடிப்படியில் உட்கார்ந்து வேலூர் அணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர்களும் அதே செய்முறையைக் கேட்டிருந்தார்கள்.

"அனுப்பறேன். அதுக்கு முன்ன ஒண்ணு சொல்லு, உங்க லேப்ல இப்ப எத்தனை டிகிரி?"