ஒன்பது பேர், எட்டு நாற்காலி

இன்று காலை ஆன்லைனில் ஒரு கணக்குக் குழுவில் நான் ஏதோ கருத்துப் போட, ஒரு தம்பி உடனே பாடம் எடுத்தார்.

"ஆன்ட்டி, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒன்பது புறா, எட்டுக் கூண்டு. ஏதாவது ஒரு கூண்டுல ரெண்டு புறா இருந்தே ஆகணும். இதுக்குப் பேரு புறாக்கூண்டுக் கொள்கை."

தம்பி, எண்பதுகளின் தொடக்கம். டெல்லியில் ஒரு அரசாங்க ஆபீஸ்.

எங்கள் செக்‌ஷனில் ஒன்பது குமாஸ்தாக்கள், எட்டு நாற்காலிகள். புதிதாகச் சேர்ந்தவள் நான். கரோல் பாகிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, மூன்று மாதம் பழைய ஃபைல் கட்டின் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

கேட்டால் செக்‌ஷன் ஆபீசருக்கு ஒரே பதில்தான்: "அட்ஜஸ்ட் கர் லோ, பேட்டி." அனுசரித்துக்கொள் மகளே, அவ்வளவுதான்.

நான் கணக்கில் பி.எஸ்ஸி. எப்படி மாற்றி உட்கார வைத்தாலும் ஒரு நாற்காலியில் இரண்டு பேர் வந்தே தீர வேண்டும் என்று, கொள்கையின் பெயரோடு மனு எழுதினேன். "நான் யாரோடு உட்கார வேண்டும் என்று உத்தரவிடவும்" என்று முடித்தேன்.

உத்தரவு வரவில்லை. மறுநாள் அவர் வருவதற்கு முன்பே போய், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தேன்.

வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏ க்யா ஹை?" இது என்ன என்று கேட்டார்.

"அட்ஜஸ்ட் கர் லீஜியே, சார்" என்றேன். எழுந்திருக்கவில்லை.

மதியத்துக்குள் ஒன்பதாவது நாற்காலி வந்தது.

தம்பிக்கு இதையெல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி போட்டேன்: "புரிஞ்சுதுப்பா. அந்த ஒன்பதாவது நாற்காலியில உட்கார்ந்துதான் ரிடையர் ஆனேன்."

உங்களுக்கெல்லாம் இன்று யார், எதை விளக்கினார்கள்?