உச்சிக்குழியும் கம்பளிக் குல்லாவும்

என் மூத்த பிள்ளை பிறந்தபோது நாங்கள் தல்லாகுளத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் கோர்ட்டில் குமாஸ்தா. கொலைக் கேஸ் கட்டுகளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர். அந்த மனிதர் குழந்தையின் உச்சந்தலை துடிப்பதைப் பார்த்து வெலவெலத்துப் போனார்.

"இங்க எலும்பே இல்லையே. உள்ள என்னமோ அடிக்குது."

"எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தாங்க."

எனக்கு என்ன தெரியும், நான் பெற்றவள்தானே. மறுநாளே ஒரு கம்பளிக் குல்லா வாங்கி வந்துவிட்டார். சித்திரை வெயிலில் வைகை வெறும் மணலாகக் கிடந்தது. என் பிள்ளை மட்டும் ஊட்டிக்குப் புறப்பட்டவன் மாதிரி இருந்தான். உச்சிக்குழியை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வேறு.

அந்த வெயிலிலேயே பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. காலையில் குல்லாவைக் கழற்றினேன். உச்சி பள்ளமாக இறங்கியிருந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை.

சேதி கேட்டுக் கோச்சடையிலிருந்து அவருடைய அக்கா வந்தார். பிள்ளை வளர்ப்பில் மதினிக்குத் தெரியாதது கிடையாது, மதினியே சொல்லியிருக்கிறார். "உச்சி விழுந்துருச்சு" என்று குழி நிறைய விளக்கெண்ணெய் ஊற்றினார். "தண்ணி, பால் எதுவும் காட்டாத. உள்ள போனா அம்புட்டும் வெளியதான் வரும்."

தலை வழியாக ஊற்றலாம், வாய் வழியாகத்தான் கூடாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் என் வீட்டுக்காரர்.

"டாக்டரம்மாகிட்ட போறேன். நீங்க வாரீகளா, நான் மட்டும் போகவா?"

வந்தார். ஜட்கா வண்டியில் கோரிப்பாளையம் போனோம். குல்லாவை மறக்காமல் எடுத்து வந்திருந்தார்.

டாக்டரம்மா எண்ணெயைத் துடைத்துவிட்டு, குழியில் மெல்ல விரல் வைத்துப் பார்த்தார்.

"உடம்புல தண்ணி வத்திப்போச்சு, அதான் குழி இறங்கியிருக்கு. இங்கேயே உக்காந்து பால் கொடு."

கொதித்து ஆறிய தண்ணீரில் துளி உப்பும் சர்க்கரையும் கலந்து, இடையிடையே ஸ்பூனால் புகட்டச் சொன்னார். என் வீட்டுக்காரர் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

"அந்த இடத்துல எலும்பு ஏன் இல்ல?"

"மூளை வளர இடம் வேணுமில்ல? பிறகு தானாக் கூடிரும். மேல கெட்டியான சவ்வு இருக்கு, தொட்டா ஒண்ணும் ஆகாது. இப்படிப் பள்ளமானாலும், அழாம இருக்கையில புடைச்சு நின்னாலும் உடனே கொண்டு வாங்க."

"துடிக்குதே?"

"ரத்த ஓட்டம். நின்னாத்தான் நீங்க பயப்படணும்."

சாயங்காலம் என் மடி நனைந்தது. பிள்ளை மூத்திரம் போனதற்கு ஒரு கோர்ட்டுக் குமாஸ்தா கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

குழி பழையபடி சமமானதும், அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பிறகு எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"பூனைக்குட்டி வயிறு மாதிரி இருக்கு" என்றார்.

விளக்கெண்ணெய்தான் பிள்ளையைப் பிழைக்கவைத்தது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு மதினி ஊருக்குப் போனார். இவர் கோர்ட்டில், புதிதாகத் தகப்பனானவர்களையெல்லாம் நிறுத்திவைத்து உச்சிக்குழியைப் பற்றி விளக்கம் சொன்னாராம். அதில் டாக்டரம்மா பேச்சே வரவில்லையாம். என் பேச்சு எங்கே வரப்போகிறது.