அத்தையின் சினைப் பூனை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னிக்கணும். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். மறதி வேறு. இன்று என் மருமகள் எங்கள் வீட்டுப் பூனைக்கு மீனுக்குள் பூச்சி மாத்திரையை ஒளித்து ஊட்டினாள். மாத்திரை கொடுக்கிற நாள் தப்பிப் போச்சே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதைப் பார்த்ததிலிருந்து அத்தை ஞாபகமாகவே இருக்கிறது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்பா மைன்ஸில் பர்மனென்ட் ஆகி, நெய்வேலியில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷம், தெற்கே இருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். கல்யாணமாகியும் குழந்தை இல்லை. கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இரு என்று மாமா அனுப்பிவிட்டார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பூனைக்கு அப்போது திடீரென்று வயிறு பெருத்தது. எவ்வளவு வைத்தாலும் தின்றது. ஒரு காலையில் வாந்தி எடுத்தது.

"மதினி, இது மசக்கைதான்!" என்று அத்தை அடுப்படிக்கு ஓடினாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தன் கூறைப்புடவையை மடித்து அட்டைப்பெட்டியில் விரித்தாள். இது என் சேலையில் குட்டி போட்டால் எனக்கும் விடியும் என்றாள். அம்மா அரிசி களைந்தாள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா சேத்தியாத்தோப்புப் பக்கம். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். வாந்தியைக் குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா, சேமியா கணக்கா நெளிஞ்சிகினு கெடக்குது, இதுவா மசக்கை? பூச்சிம்மா. தோலு எலும்போட ஒட்டிகினு இருக்குது, வயிறு மட்டும் பானையாட்டம். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்க, மருந்து ஊத்துவாங்க."

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "வயித்துப்பிள்ளக்காரிக்குப் பேதி மருந்தா? கலைஞ்சு போயிட்டா நீ தருவியா?"

"ஏன், எனக்கே அஞ்சு இருக்குது. ஒண்ணத் தூக்கினு போயேன்," என்று அக்கா சிரித்தாள். அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்களுக்கு மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய். அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். பூனைக்கும் ரெண்டு சொட்டு விடலாமா என்று அம்மா கேட்டதற்கு, அத்தை பூனைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நகரவே இல்லை. பூனை மட்டும் தப்பித்தது என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

இன்று போடும், நாளை போடும் என்று காத்திருந்தோம். பூனை தின்பதை நிறுத்தியது. பிரசவ நேரம் வந்துவிட்டால் அப்படித்தான் என்றாள் அத்தை. ஒரு மத்தியானம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து பெட்டிக்குள் கைவைத்துப் பார்த்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. வாயோரம் வெள்ளையாகப் புழு.

"பூச்சிதாம்மா," என்றார் அப்பா.

அத்தை அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே, "உள்ள அசையுது அண்ணே. கைய வச்சுப் பாரு, அசையுது," என்றாள். அப்பா கையை வைக்கவில்லை. புடவையோடு சுருட்டித் தோட்டத்தில் புதைத்தார்.

ஒரு பூனைக்கா இத்தனை அழுகை என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் மாமா வீட்டு ஆட்கள் வந்தார்கள். முன்னறையில் அப்பாவோடு பேசிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் போனார்கள். மாமாவுக்கு வேறு பெண் பார்த்தாயிற்றாம். அத்தை இனி நம்மோடுதான் என்றார் அப்பா. எனக்கு ஒரே குஷி. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அத்தையிடமும் சொன்னேன்: "உன்னை இனிமே அனுப்பவே மாட்டாங்களாம் அத்தை!" என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு கொஞ்சம் நின்றது. பிறகு வாரினாள். அவளுக்கும் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுசுக்கும் எங்களோடுதான் இருந்தாள். இனி எந்தப் பிராணியும் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஒன்று மட்டும் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். மருமகளைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நிஜமாகவே சினையாக இருந்தாலும் பூனைக்குப் பூச்சி மருந்து கொடுக்கலாமா? கூடாது என்றால், அத்தை செய்ததில் தப்பில்லை என்றாவது ஆகும்.